எட்டுப் பேரும் முடித்துவிட்டார்கள்

அபாயத்தில் உள்ள ஊர்கள், பூச்சியம். திரையின் கடைசி வரி அதுதான். அதற்கு மேலே முடிந்தது, முடிந்தது, முடிந்தது என்று கம்ப்யூட்டருக்குள் வேலையைப் பங்குபோட்டுக்கொண்ட எட்டு ஒர்க்கர்களும் சமர்த்தாக ஒப்பித்திருந்தார்கள், நேற்று வரைக்கும் நாற்பது நிமிடம் இழுத்த வேலை இன்றைக்கு நாலே நிமிடத்தில் முடிந்திருந்தது, ஜெசிந்தா எழுந்து ஒரு குதி குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து அந்தப் பூச்சியத்தையே முறைத்துக்கொண்டிருந்தாள். கீழே துணிக்கடையின் ஒலிபெருக்கி ஆடித் தள்ளுபடி ஆடித் தள்ளுபடி என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தது, ஆடி போய் எத்தனை நாளாகிறது, அவனுக்கு ஆடி முடிவதே இல்லை. நாகர்கோவிலில் இந்த மூன்றாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு அவள் செய்கிற வேலை வெளியில் சொன்னால் பெரிதாகத் தெரியும், கடலுக்குள் மிதக்கிற கருவிகள் மத்தியானம் அனுப்புகிற அலைக்கணக்கை வாங்கி, கரையில் உள்ள ஒவ்வொரு ஊருக்கும் ராத்திரி வரை எவ்வளவு உயரத்துக்கு அலை வரும் என்று கணித்து, அளவு மீறுகிற ஊர்களின் போன்களுக்கு மட்டும் மூன்று மணிக்கு ஒரு குரல் அழைப்பு போக வேண்டும், கடல் கொந்தளிக்கும், வள்ளம் இறக்காதீர்கள் என்று. அழைப்பு தானாகவே போகும், பட்டியலை மட்டும் ப்ரோகிராம் கொடுக்க வேண்டும். இன்றைக்கு ப்ரோகிராம் கொடுத்த பட்டியலில் யாரும் இல்லை. யாரும் இல்லையென்றால் யாருக்கும் போன் போகாது. நல்ல விஷயம்தானே, கடல் சும்மா கிடக்கிறது, ஜன்னல் வழியாகப் பார், வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது, காற்று ஒரு பிடி கிடையாது. பின்னே எதற்கு அந்தப் பூச்சியத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை என்று யோசித்தாள். 

ஒரு வாரம். ஒரு முழு வாரம் இந்தச் சனியனோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். சென்னையிலிருந்து மேனேஜர் பத்ரி போனவாரம் அழைத்து, ஜெசிந்தா, ஏன் நாற்பது நிமிஷம் ஆகுது, மெஷின்ல எட்டு கோர் இருக்கில்ல, எட்டா பிரிச்சு விட்டுடுங்களேன் என்று சொன்னார், ஏதோ பிரியாணியைப் பொட்டலம் போடச் சொல்கிற மாதிரி. பிரித்து விடுவதாம். கணக்குப் போடுகிற மெத்தட் ஒன்றும் அநாதையாக நிற்கவில்லை, அது 'கரை' என்று அவள் பெயர் வைத்த ஒரு ஆப்ஜெக்ட்டுக்குச் சொந்தம், அந்தக் கரைக்குள்தான் கடற்கரையின் வரைபடம், அலைக்கணக்கு, ஊர்ப்பெயர்கள், அபாயப் பட்டியல் எல்லாமே இருக்கிறது. ஒர்க்கர்களோ ஒவ்வொருவரும் தனிக்குடித்தனம். ஒருவர் வீட்டு நினைவு இன்னொருவருக்குக் கிடையாது, அடுப்பு கூடத் தனி. மெத்தட்டை மட்டும் கொடு என்று கேட்டால் அது தனியாக வராது, தன் ஆப்ஜெக்ட்டை மொத்தமாக மூட்டை கட்டி முதுகில் ஏற்றிக்கொண்டுதான் வரும். சரி வா என்றால் மூட்டை கட்ட மாட்டேன் என்று ஒரு சிவப்பு எழுத்துப் பிழை. காரணம் கரைக்குள் அவளே ஒரு காலத்தில் வைத்த பூட்டு, இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதி அடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக வைத்தது. பூட்டை மூட்டையில் வைக்க முடியாதாம். திங்கள் முழுக்க அந்த ஒரே வரி. செவ்வாய் முழுக்க அதே வரி. புதன்கிழமை கோயிலில் நவநாள் பூசையில் முழங்கால் போட்டிருக்கும்போதுகூட அந்த வரிதான் கண்ணுக்குள் ஓடியது, மாதாவே, எனக்கு வேண்டியது பூட்டு மட்டும் இல்லாத ஒரு மூட்டை என்று வேண்டிக்கொண்டாள், மாதா என்ன நினைத்தாளோ. கடைசியில் இன்று காலையில் மூட்டை கட்டும்போது பூட்டை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அந்தப் பக்கம் போய் அவிழ்த்ததும் புதுப் பூட்டு ஒன்றைப் போட்டுக்கொள் என்று எழுதினாள், கழுதை, ப்ரோகிராம் ஓடிவிட்டது, நாலே நிமிடம், பத்ரிக்கு ஒரு வரி அனுப்பினாள், பத்ரி உடனே மூன்று கைதட்டும் ஒரு ராக்கெட்டும் அனுப்பினார், இனிமேல் இதுதான், பழசு வேண்டாம் என்றும் எழுதினார். ஒரு வாரக் கஷ்டத்துக்கு ஒரு ராக்கெட்.

போன் நடுங்கியது. அம்மா. எடுக்காமல் விட்டால் மூன்று தடவை அடிப்பாள், எடுத்துவிடுவதே மேல். "மக்களே, சாப்பிட்டியா?" சாப்பிட்டேன். "சாளைக்கு உப்பு சரியா இருந்துதா?" இருந்தது அம்மா. "நாளைக்கிக் கோயில் கொடியேத்து, நீ அந்த நீலச் சேலையக் கெட்டிட்டு வரணும், வந்துட்டு ஜீன்ஸு கீன்ஸுன்னு நின்னா நான் பேசமாட்டேன், கேட்டியா." கேட்டேன் அம்மா, வேலையா இருக்கேன். "எப்பவும் வேல. ஒனக்க அப்பா இன்னைக்கி நேரத்தே எறக்குதாரு. கொடியேத்துக்கு முந்தித் திரும்பணும்னு ஊரே நேரத்தே போவுது. மூணரைக்கெல்லாம் எறங்கீருவாவ." சரி அம்மா, வைக்கிறேன். வைத்தபிறகும் காதுக்குள் மூணரை மூணரை என்று ஓடியது. எதற்கு இதையெல்லாம் சொல்கிறாள், தினமும்தான் இறங்குகிறார், அப்பா வறுவேலுக்குக் கடலில் இறங்க மகளிடம் அனுமதி கேட்கும் வழக்கம் உண்டா. உண்டு. அதுதான் தொல்லை. ஆரம்பத்தில் இந்தக் குரல் அழைப்பை அப்பா ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை, போனுக்குள்ள இருக்க பெண்ணுக்குக் கடலப் பத்தி என்ன மயிரு தெரியும் என்று கேட்டவர். அப்போதெல்லாம் தினமும் எல்லா ஊருக்கும் அழைப்பு போகும், இன்று அபாயம் இல்லை என்பதையும் ஒரு பெண் குரல் இழுத்து இழுத்துச் சொல்லும். மத்தியானத் தூக்கம் கெடுகிறது என்று அவர்கள் ஊரான சந்தியாகுதுறை முழுக்கப் புகார். அப்பாவே பஸ் ஏறி இந்த ஆபீஸுக்கு வந்து, இல்லாத ஆபத்தச் சொல்ல எதுக்குப் போனு, இருந்தா சொல்லுங்க, இல்லன்னா பேசாம கெடங்க என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார், ஜெசிந்தாவுக்கு அவமானத்தில் காது சிவந்துவிட்டது. ஆனால் அப்பா சொன்னது நியாயம். அவள்தான் பத்ரியிடம் பேசி மாற்றினாள். அன்றிலிருந்து ஊரில் ஒரே கணக்கு, மூன்று மணிக்குப் போன் அடித்தால் வள்ளம் இறங்காது, அடிக்காவிட்டால் இறக்கலாம். அப்பா இப்போது எல்லாரிடமும் சொல்கிறார், போனு அடிக்கல்லேன்னா எனக்க மோளு பாத்துட்டான்னு அர்த்தம். மோளு பார்த்துவிட்டாளாம். மோளு பார்த்துக்கொண்டிருப்பது ஒரு பூச்சியத்தை.

பக்கத்து மேசை ரெஜின் காதில் ஹெட்போனோடு ஏத்தங்காய்ச் சிப்ஸைக் கடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தான். "அக்கா, நாலு நிமிசமா? கொள்ளாமே. ட்ரீட்டு உண்டுமா?" உண்டு, உண்டு, முதலில் வாயை மூடிக்கொண்டு தின்னு. "நெட்டாம்பொழி கூட இல்லியா இன்னைக்கி? அதிசயந்தான்" என்று சொல்லிவிட்டு அவன் பாட்டுக்குத் திரும்பிக்கொண்டான், சிப்ஸ் நொறுங்குகிற சத்தம் மட்டும் மிச்சம். அங்கே போய் மாட்டியது ஜெசிந்தாவின் மனசு. நெட்டாம்பொழி. ஆறு கடலில் போய் விழுகிற முகத்தில் உட்கார்ந்திருக்கிற ஊர், மணல்திட்டின் கோணலால் கொஞ்சம் அலை வந்தாலும் அங்கே மட்டும் எகிறும், அதனால் வருஷம் முழுக்க அநேகமாகத் தினமும் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கும், வேறு ஊரே இல்லாத நாளிலும் அது மட்டும் தனியாக நிற்கும், எத்தனை தடவை அவள் எரிச்சல்பட்டிருக்கிறாள், இந்த ஊருக்கு மட்டும் அளவைக் கொஞ்சம் உயர்த்திவிடலாமா என்று பத்ரியிடம் கேட்டுக்கூட இருக்கிறாள். அது இன்றைக்கு இல்லை. சரி, இல்லாவிட்டால் என்ன, அந்த ஊருக்கும் ஒரு நல்ல நாள் இருக்கக் கூடாதா, பௌர்ணமி கழிந்து நாளாகிவிட்டது, காற்றில்லை, அலையில்லை. ஆனால் காற்றில்லாத நாளில்தான் கள்ளக்கடல் வரும். அவள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது இதே மாதிரி துடைத்துவிட்ட வானம், இதே மாதிரி காற்றில்லாத பின்னேரம், எங்கேயோ தெற்கே ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் அடித்த புயலின் அலை சத்தமே இல்லாமல் நடந்து வந்து, கரைக்கு வந்தபிறகுதான் எழுந்து நின்றது. பக்கத்து வீட்டு ஜெரோம் அண்ணன் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார், இடுப்பளவுத் தண்ணீர், சிரித்துக்கொண்டிருந்தார், அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், அடுத்த நிமிடம் வள்ளம் அவர் கால்மேல். இன்றைக்கும் அவர் ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார், சிரிப்பு மட்டும் திரும்பி வரவேயில்லை. எதற்கு இப்போது ஜெரோம் அண்ணன். வேலையைப் பார். அலைக்கணக்கு வந்த கோப்பைத் திறந்து பார்த்தாள், எண்கள் எண்கள் எண்கள், வெறும் கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஆனால் ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையில் உள்ள நேரம் மட்டும் கொஞ்சம் நீளமாகத் தெரிந்தது. நீளம் என்றால் தூரத்திலிருந்து வருகிறது. 

எட்டுப் பேரும் முடித்துவிட்டார்கள், ஆனால் முடித்ததை எங்கே வைத்தார்கள். இந்தக் கேள்வி எங்கிருந்தோ வந்தது. மெத்தட்டின் கடைசி வரியைப் பார்த்தாள், அலை அளவை மீறினால் ஊர்ப்பெயரைக் கரையின் அபாயப் பட்டியலில் சேர். எந்தக் கரையின்? எந்தக் கரையின் என்று அவளே சத்தமாகக் கேட்டுவிட்டாள், ரெஜின் ஹெட்போனைக் கழற்றி என்னக்கா என்றான், ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினாள். ஒன்றுமில்லையாம். ஒருவராகவே செய்த காலத்தில் ஒரே கரை, ஒரே பட்டியல், அதில் சேர்த்தால் அதில்தான் சேரும். இப்போது ஒவ்வொரு ஒர்க்கரும் மூட்டையை அவிழ்த்து வைத்திருப்பது கரையின் நகல். நெட்டாம்பொழியை எடுத்துக்கொண்டுபோன ஒர்க்கர் ஒழுங்காகத்தான் கணக்குப் போட்டிருப்பான், ஐயோ பெரிய அலை என்று கண்டுபிடித்திருப்பான், தன் வீட்டு நகலில் இருக்கிற பட்டியலில் பொறுப்பாக எழுதி வைத்துவிட்டு, முடிந்தது என்று இங்கே ஒரு குரல் கொடுத்துவிட்டு, வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போய்விட்டான். அவனோடு பட்டியலும் போயிற்று. இங்கே அசல் கரையின் பட்டியலை யாரும் தொடவே இல்லை, அது பிறந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே வெறுமையாகக் கிடக்கிறது, அதை எண்ணி அவள் பூச்சியம் என்று வாங்கிக்கொண்டாள். என்ன கண்டுபிடித்தாய் என்று எட்டுப் பேரில் ஒருத்தனிடமும் அவள் கேட்கவே இல்லை. மூட்டை எப்படிப் போகும், எப்படிப் போகும் என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டவள், எதுவும் எப்படித் திரும்பி வரும் என்று ஒரு நொடி யோசிக்கவில்லை. பிழை என்றாவது ஒன்று வந்து தொலைத்திருக்கக் கூடாதா, பூட்டுக்கு அத்தனை ஊளையிட்ட இயந்திரம் இதற்கு ஒரு முனகல் முனகவில்லை, அதன் கணக்கில் இது பிழையே இல்லை. படிக்கிற காலத்திலேயே படித்ததுதான். அடி முட்டாளே, முட்டாளே என்று நெற்றியில் இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டாள்.

மூன்று மணி ஆகப் போகிறது. சரி, பதறாதே, இரண்டே வரிதான், ஊர் அபாயமானால் பெயரைத் திருப்பிக் கொடு, இந்தப் பக்கம் வாங்கிச் சேர்த்துக்கொள். ஒரு எழுத்துக்கு மூன்று எழுத்து விழுந்தது, அழித்து அழித்து அடித்தாள், ஓட விட்டாள். நாலு நிமிடம் என்பது எவ்வளவு நீளமானது. இதையே காலையில் எவ்வளவு சின்னது என்று பத்ரிக்குப் பெருமையடித்தாளே. கடிகாரத்தில் மூன்று தாண்டியது, கீழே தள்ளுபடிக்காரன் தொண்டையைச் செருமினான், எந்த ஊரிலும் போன் அடிக்கவில்லை, அடிக்காத சத்தம் கரை முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. முடிந்தது, முடிந்தது, முடிந்தது. அபாயத்தில் உள்ள ஊர்கள், பூச்சியம்.  அட, நிஜமாகவே பூச்சியம்தானா? அப்படியென்றால் முதலில் வந்ததும் தற்செயலாகச் சரியா? தெய்வமே, நன்றி, பட்டினி கிடந்து ஒரு வெள்ளி அனுசரிக்கிறேன். தண்ணீர் பாட்டிலை எடுத்து மடக்மடக்கென்று குடித்தாள், சட்டையெல்லாம் சிந்தியது, சிந்தட்டும். தப்பு இருந்தது, திருத்தியாயிற்று, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பத்ரியிடம் சொல்லக்கூட வேண்டியதில்லை, இது நமக்குள்ளேயே இருக்கட்டும், நீலச் சேலைக்கு ரவிக்கை பொருந்துமா என்று பார்க்க வேண்டும், போன கொடியேற்றுக்கே கை இறுக்கமாக இருந்தது. இவ்வளவு தூரம் நினைத்துவிட்டாள். அப்புறம்தான் கண் திரையின் மேலே போயிற்று, கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. சேமிக்கவில்லை. அடித்த இரண்டு வரியைச் சேமிக்காமலே ஓட விட்டிருக்கிறாள், ஓடியது பழைய ப்ரோகிராம், வந்தது பழைய பூச்சியம். பதினாலு வருஷ அனுபவம். கல்லூரிப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கப் போகும்போது முதலில் இதைத்தான் சொல்லிக்கொடுப்பாள், சேமி, சேமி என்று. அந்த வெள்ளிக்கிழமைப் பட்டினியைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாமா என்று ஒரு யோசனை ஓடியது, தன்னையே நாலு அறை அறைய வேண்டும் போலிருந்தது.

சேமித்தாள். மறுபடியும் ஓட விட்டாள். இன்னொரு நாலு நிமிடம், அதை உட்கார்ந்து பார்க்க முடியவில்லை, மூணரை மூணரை என்று அம்மாவின் குரல், வறுவேல் இப்போது லுங்கியை மடித்துக் கட்டியிருப்பார், எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருப்பார், போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டால் அப்புறம் எடுக்கவே மாட்டார். உறுதியாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது. பொய்யான எச்சரிக்கை ஒன்று போனால் அடுத்த பத்து எச்சரிக்கையை எவனும் கேட்க மாட்டான் என்று பத்ரி ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார், ஊரே கொடியேற்றுச் செலவுக்கு இன்றைய மீனை நம்பிக்கொண்டிருக்கிறது, தப்பாகிவிட்டால் அப்பா நாலு பேர் முன்னால் தலை நிமிர முடியாது. நிமிர முடியாவிட்டால் போகட்டும், தலை இருக்க வேண்டுமே. அழைத்துவிட்டாள். ஏழெட்டுத் தடவை அடித்தபிறகு எடுத்தார். பின்னால் கடல், ஆட்கள் ஏலேலோ போடுகிற சத்தம். "என்ன மக்களே, இந்நேரத்துல?" அப்பா, இறக்காண்டாம். "எதுக்கு? போனு அடிக்கல்லியே." அடிக்கல்ல அப்பா, எனக்க கம்ப்யூட்டர்ல ஒரு தப்பு, கணக்கு இன்னும் வரல்ல, வந்தப்பறம் சொல்லுதேன், அதுவரைக்கும் ஒரு வள்ளமும் இறக்காண்டாம். "கடலு எண்ணெ ஊத்துன மாதிரிக் கெடக்கு, மக்களே. இப்ப போயி நிறுத்துன்னா இவனுவ என்னையத் தூக்கித் தின்னுருவானுவ." அப்பா. "என்ன?" அப்பா, எனக்குப் பயமா இருக்கு.  அவள் சின்ன வயதில்கூட அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. பிறகு போனை வாயிலிருந்து விலக்கி அவர் கத்துவது கேட்டது, "எலேய், நிறுத்துங்கல, எனக்க மோளு சொல்லுதா, நிறுத்துங்கன்னு சொல்லுதேன் இல்ல!" யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். அப்பா அதைவிடப் பெரிய கெட்ட வார்த்தை சொன்னார். அவளுக்குக் கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது, சனியன் பிடித்த எரிச்சலும் கூடவே வந்தது, ஒரு பெண் ஒரு பட்டியலை ஒழுங்காக எடுக்கத் தெரியாததற்கு ஒரு கிழவன் ஊரோடு சண்டை போட வேண்டியிருக்கிறதே என்று.

முடிந்தது, முடிந்தது. இந்தத் தடவை அதற்குக் கீழே பெயர்கள் வந்தன. ஒன்றன்கீழ் ஒன்றாக, கரையின் மேற்குப் பக்கத்து ஊர்கள், நெட்டாம்பொழி முதலில், அதன்கீழ் இன்னும் பத்து. சந்தியாகுதுறை அதில் இல்லை. இரண்டு தடவை மேலிருந்து கீழே படித்தாள், இல்லை. அவர்கள் ஊருக்கு முன்னால் உள்ள பாறை இன்றைய அலையை உடைத்துவிடும், அளவுக்கு ஒரு விரல் கீழே நிற்கிறது, அங்கே இறக்கியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அப்பாவைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லிச் செலவழித்த அந்த நேரம் முழுக்க இந்தப் பதினோரு ஊரில் எவனும் எவளும் யாரிடமிருந்தும் எதையும் கேட்கவில்லை. அவளுக்கு முதலில் தோன்றியது தன் ஊர், தன் அப்பா, அது என்ன பெரிய குற்றமா, யாராயிருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள், ஆனால் செய்துவிட்டாள், நிமிடங்கள் போய்விட்டன. தானாகப் போகிற அழைப்பு மூன்று மணியோடு முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு அனுப்ப வேண்டுமானால் சென்னையில் பத்ரி ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். பத்ரியின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி. மீட்டிங்கில் இருக்கிறேன், பிறகு அழைக்கிறேன் என்று தானாக ஒரு பதில் வந்தது, அதன் வாலில் ஒரு சிரிப்புப் பொம்மை வேறு. பொம்மையைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே எறியலாம் போல் வந்தது. ரெஜின், ஹெட்போனைக் கழற்று. அவன் அவள் முகத்தைப் பார்த்துச் சிப்ஸைக் கீழே வைத்தான். ஒவ்வொரு ஊருக்கும் கரைப் பொறுப்பாளர் என்று ஒருவரின் நம்பர் இருக்கிறது, கீழே உள்ள ஆறு ஊரும் உனக்கு, மேலே உள்ளது எனக்கு, போன் போட்டுச் சொல்லு, கள்ளக்கடல் வருது, எறக்காண்டாம்னு சொல்லு. "செரிக்கா." சொன்னால் மட்டும் போதாது ரெஜின், எவன் என்ன சொன்னான்னு ஒவ்வொண்ணும் எனக்கு வந்து சொல்லணும், எடுக்கல்லன்னா எடுக்கல்லன்னு சொல்லணும், சும்மா முடிஞ்சுதுன்னு மட்டும் சொன்னா உன்னைக் கொன்னுபோட்டுருவேன். ரெஜின் போனை எடுத்தான்.

நெட்டாம்பொழிக்கு அவள் இதுவரை ஒரு தடவைகூடப் போனதில்லை, தினமும் அந்தப் பெயரைப் பார்த்ததோடு சரி. நம்பருக்கு நேரே அல்போன்ஸ் என்று இருந்தது. இரண்டாவது அடிப்பிலேயே எடுத்துவிட்டார், வயசான குரல், உற்சாகமான குரல். "யாரு?" அலை எச்சரிக்கை ஆபீஸிலிருந்து பேசுதேன், எனக்க பேரு ஜெசிந்தா. "ஓ, போனுக்கார பெண்ணா! என்ன மக்களே, இன்னைக்கி எங்களுக்கு லீவு விட்டியளே, தெனம் மூணு மணிக்கி எறக்காதேன்னு பாடுவிய, இன்னைக்கி அடிக்கவேயில்ல, ஊரெல்லாம் ஒரே சந்தோசம்."  அண்ணாச்சி, வள்ளம் எறங்கியாச்சா? "இல்லாம பின்ன? என்னைக்கும் பயந்துபோயி வீட்டுல கெடக்கவனுவகூட இன்னைக்கி எறங்கிட்டானுவ. போனு வரல்லன்னா பயமில்லன்னுதானே." இந்த ஒரு ஊருக்குத்தான் தினமும் எச்சரிக்கை போய்க்கொண்டிருந்தது, இந்த ஒரு ஊர்தான் அது வராத நாளுக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது, அந்த நாளை ஜெசிந்தா கொடுத்துவிட்டாள். அண்ணாச்சி, தப்பு, எனக்க தப்பு, கள்ளக்கடல் வருது, கரையில நிக்கதை எல்லாம் மேல ஏத்துங்க, போனதையெல்லாம் திருப்பிக் கூப்பிடுங்க, இப்பமே.  "என்ன சொல்லுத நீ?" வருது அண்ணாச்சி, இன்னும் கொஞ்ச நேரத்துல. "ஏம்ட்டி முதல்லேயே சொல்லல்ல?" அதற்கு அவளிடம் பதில் இருந்தது, நீளமான பதில், மூட்டை, நகல், எட்டு ஒர்க்கர்கள், கேட்காமல் விட்ட பட்டியல், எல்லாம் வரிசையாக நாக்கு நுனியில் வந்து நின்றது. மணலில் நிற்கிற மனிதருக்கு அதில் ஒரு சொல்கூட ஆகாது. மன்னிச்சுருங்க அண்ணாச்சி, ஓடுங்க என்றாள்.

அவர் ஓடுவது போனிலேயே கேட்டது. செருப்பில்லாத கால் மணலில் புதைகிற சத்தம், மூச்சு, எலேய் எலேய் என்ற கத்தல், யாரோ விசில் அடித்தார்கள், ஒரு பெண் ஒரு பெயரைச் சொல்லி நீளமாகக் கூப்பிட்டாள், கோயில் மணியை யாரோ அடிக்கத் தொடங்கினார்கள். அதற்கெல்லாம் பின்னால் கடல், அது பாட்டுக்குச் சாதுவாக இரைந்துகொண்டிருந்தது, எண்ணெய் ஊற்றினாற்போல. ஜெசிந்தா போனைக் காதோடு சேர்த்து அழுத்தினாள், காது வலித்தது. ரெஜின் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து விரலைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான், அக்கா, ஒண்ணு சொல்லியாச்சு, அவங்க இன்னும் எறக்கல்ல, அக்கா, ரெண்டாவதும் சொல்லியாச்சு, ஏத்துதாங்க, அக்கா, இது எடுக்கல்ல, திரும்பப் போடுதேன். அவள் தலையை ஆட்டினாள். அவள் பங்கில் இன்னும் நாலு ஊர் மிச்சம் இருந்தது, மேசையிலிருந்த ஆபீஸ் போனை இன்னொரு கையில் எடுத்து அடுத்த நம்பரை அழுத்தத் தொடங்கினாள், முதல் போனைக் காதிலிருந்து எடுக்க மனசு வரவில்லை. அப்போது அல்போன்ஸ் திரும்பி வந்தார், இரைத்தது. "கரையில நின்னதெல்லாம் நிறுத்தியாச்சு. வெளிய போன நாலுல மூணு திரும்புது, கொடியக் காட்டினோம், பாத்துட்டானுவ." நாலாவது? "அது வெலங்குக்குப் போயிட்டு, ஆழக்கடலு. கண்ணுக்குத் தெரியல்ல." யாரு அண்ணாச்சி அதுல? "ஒனக்கு எதுக்கு?" எனக்குத் தெரியணும் அண்ணாச்சி, பேரு சொல்லுங்க.  அவர் சொன்னார், "செல்லத்தொரை. அவனுக்க மச்சினன் ராபின்சன். பின்ன எனக்க இளைய மகன், பிரிட்டோ." அவள் மூன்று பெயரையும் அவர் சொன்ன வரிசையிலேயே திருப்பிச் சொன்னாள். ஆமா என்றார் அவர். குரலில் உற்சாகம் எதுவும் மிச்சமில்லை, கோபமும் இல்லை. "வெளக்கு மேட்டுல ஏறிப் பாக்கப் போறேன், அங்கேருந்து தெரியும். போனக் கட்டு பண்ணாம இரு, மக்களே, பாத்துட்டு வந்து சொல்லுதேன்."

சரி அண்ணாச்சி என்றாள்.